அட்டாலியில் வைத்த பெட்டி

ஈஸ்ட் என்றால் பேக்கரிக்காரர்கள் மாவில் போடுவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எம்.எஸ்சி. சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்காரி. பன்னும் பிரட்டும் எங்களுக்குச் சேந்தமங்கலம் இறங்கினால்தான் கண்ணில் படும். அந்த ஈஸ்டோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டப் போகிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தொண்ணூற்றொன்பதில் நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சமையலில் கை கொடுப்பார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் கைடு அர்த்தனாரி சார் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கல்லூரியில் ஒரு மூலையில் எனக்கென்று ஒரு மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு ஃப்ரிட்ஜ். அதுதான் என் லேப்.

ஒரு செல் இரண்டாகும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஈஸ்டில் அதைப் பார்க்க அழகாக இருக்கும். தாய் செல்லின் பக்கத்தில் ஒரு மொட்டு விடும். மொட்டு பெரிதாகும். உள்ளே குரோமோசோம்கள் இரண்டு படியாகி, தாய்க்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று இழுபட்டுப் போகும். கடைசியில் நடுவில் இருக்கிற கழுத்து மூடி, இரண்டும் தனித்தனியாகப் பிரியும். நாங்கள் எடுத்துக்கொண்ட புரதத்துக்கு இதில் இரண்டு வேலை. குரோமோசோமை இழுக்கிற இடத்திலும் நிற்கும், கழுத்து மூடுகிற இடத்திலும் நிற்கும். அந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணுவை முழுதாக எடுத்துவிட்டால் செல் செத்துப்போகும். இரண்டு வேலையும் ஒன்றாக நின்றுபோனதால், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அதில் சின்னச் சின்ன மாற்றங்களை, மியூட்டேஷன் என்போம், உண்டாக்கி, ஒரு வேலை கெட்டு மற்றது கெடாமல் இருக்கிற ஒரு செல்லைத் தேட வேண்டும்.

தேடுவது லேசில்லை. ஈஸ்டை ரசாயனத்தில் நனைத்து, தட்டுத் தட்டாக வளர்த்து, வளர்ந்த புள்ளிகளை வெல்வெட் துணியில் ஒற்றி இரண்டு நகல் எடுப்போம். ஒன்றை இருபத்துமூன்று டிகிரியில் வைப்போம், இன்னொன்றை முப்பத்தேழில். குளிரில் வளர்ந்து சூட்டில் வளராமல் போகிற புள்ளிதான் நமக்கு வேண்டியது. அதன் புரதம் லேசாகப் பழுதாகியிருக்கும். குளிரில் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், சூட்டில் கைவிட்டுவிடும். நான் வெல்வெட் வாங்கப் போகிற ஜவுளிக் கடைக்காரர் என்னை நாடகக் கம்பெனிக்காரி என்றே நினைத்திருந்தார்.

இப்படித் தேடித் தேடி ஒன்று கிடைத்தது. சூட்டில் வைத்தால் அதில் குரோமோசோம் எல்லாம் ஒழுங்காக இழுபட்டது. கழுத்து மட்டும் மூடவில்லை. மகள் பிரியாமல், மகளுக்கு ஒரு மகள் முளைத்து, அதுவும் பிரியாமல், மணி கோத்த மாதிரி நீண்டு கடைசியில் செத்தது. இரண்டு வேலையில் ஒன்று மட்டும் கெட்ட செல். அர்த்தனாரி சார் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. அப்புறம், "கலைமணி, இதைப் பத்திரமா வெச்சுக்கோம்மா, இது மறுபடி கிடைக்காது" என்றார்.

அந்த ஏப்ரலில் சேலத்து வெயில் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கல்லூரி ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் போனது. மேல்தட்டில் கிளிசரால் விட்டு உறையவைத்திருந்த குப்பிகள் எல்லாம் கரைந்து வீணாயின. பல்கலைக்கழகத்தில் கட்டட வேலை. டீப் ஃப்ரீசரையும் குளிர் இன்குபேட்டரையும் பிரித்துப் போட்டிருந்தார்கள், ஜூனில்தான் ஓடும் என்றார்கள். மிச்சம் இருந்தது தட்டில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது மட்டும். இந்த மியூட்டன்டுக்குச் சாதாரண ஃப்ரிட்ஜ் குளிரும் ஆகவில்லை, எடுத்து வைத்தால் எழுந்திருப்பதில்லை. ரொம்பக் குளிரவும் கூடாது, சுடவும் கூடாது. கொஞ்சத்தை மண்பானைக்குள் வைத்து, பானையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டிப் பார்த்தேன். அதுவும் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அங்கே எங்கள் வீட்டு உள்ளறை ஏப்ரலிலும் சில்லென்று இருக்கும். இன்குபேட்டருக்குக் காசு கட்டிக் கேட்கிற குளிர் அங்கே சும்மா கிடக்கிறது. தட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ் ஏறினேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் வாந்தி எடுக்கப் பார்த்து என் பெட்டியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஊர் வரைக்கும் முறைத்துக்கொண்டே வந்தாள்.

ஊரில் என் அம்மா அத்தாயி, தம்பி தனபால், அவன் மனைவி ருக்குமணி மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா மாதேஸ்வரன் நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். சாமை, கேழ்வரகு, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் மிளகு என்று அவர்கள் பாடு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விதைப்புக்கு முன்னால் பெண்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வருவார்கள். அவரவர் வீட்டில் விதை இருந்தாலும், அம்மா தன் கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி சாமை எடுத்துப் போடுவாள். அதைத் தங்கள் விதையோடு கலந்துதான் விதைப்பார்கள். அத்தாயி கை பட்ட விதை பூசணம் பிடிக்காது, முளைக்காமல் போகாது என்று ஒரு நம்பிக்கை. அம்மாவுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. வேறு எதிலும் அவளுக்குப் பெருமை கிடையாது. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. அந்த ஒரு நாள் காலையில் மட்டும் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ராணி மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"இதென்ன கண்ணு, தயிர் சொட்டாட்டம் இருக்குது" என்றாள் அம்மா.

"இதுக்குள்ள உசுரு இருக்குதும்மா. ஒரு புள்ளியில கோடிக்கணக்குல."

"இதுக்கா அக்கா இத்தன படிப்பு?" என்றான் தனபால். "எங்கூட்டு இட்லி மாவுல இதவிட நெறையா இருக்குமே."

"நீ சும்மா இருடா. அவ சொல்லட்டும்."

நான் தாய் செல், மகள் செல், கழுத்து மூடாமல் போவது எல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அம்மா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மாகாரியும் மகளும் பிரியாம ஒட்டிக்கிட்டே கெடந்தா செத்துப்போவாங்களா?"

"இதுல அப்படித்தாம்மா."

"நல்ல கதைதான். ஒன்னையக் காலேசுக்கு எறக்கி உடறப்ப நான் ரோட்டுல உழுந்து அழுதேன். ஊரே சிரிச்சுது. இப்பப் பாத்தா அழுதுக்கிட்டே ஒன்னைய அனுப்புனதுதான் சரி போலிருக்குது."

ருக்குமணி சிரித்துவிட்டாள். "அத்தைங்க இதையும் தனக்குச் சாதகமாப் பேசிப்போட்டாங்க பாருங்க அண்ணி."

எனக்கு மறுநாளே சேலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். போகாமல் இருக்க முடியாது. அம்மாவிடம் சொன்னேன், "இது எனக்கு விதை மாதிரிம்மா. மறுபடி கெடைக்காது. உள்ளறையிலயே இருக்கட்டும். வெயில் படக்கூடாது. முகாம் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேன்."

"விதைன்னு சொல்லிப்போட்டியில்ல. போ. உங்கொம்மா கையில இருக்குது" என்றாள்.

முகாம் முடிந்து நான் திரும்பி வந்தபோது மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோடை மழைதான், ஆனால் அந்த வருடம் விடாமல் பிடித்துக்கொண்டதாம். வழியெல்லாம் மூடுபனி. வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே உள்ளறைக்குப் போனேன். பெட்டி இல்லை.

"இங்க இல்ல கண்ணு, வா" என்று அம்மா சமையல் கட்டுக்குக் கூட்டிப்போனாள். அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டிய பரண். அட்டாலி என்போம். விதைக் கூடை, மிளகு மூட்டை, சுரைக் குடுவையில் அவரை விதை எல்லாம் அங்கேதான் இருக்கும். கீழே எரிகிற அடுப்பின் புகையும் சூடும் பட்டு ஈரம் அண்டாமல், பூச்சி அண்டாமல் இருக்கும். அம்மா முக்காலி போட்டு ஏறி, கூடைகளுக்கு நடுவில் துணி சுற்றி வைத்திருந்த என் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். பெட்டி கையில் வெதுவெதுவென்று இருந்தது.

"மழை புடிச்சதும் தெறந்து பாத்தேன். மூடியில எல்லாம் தண்ணி முத்து முத்தாக் கோத்துக்கிட்டு நின்னுது. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஈரம் பட்டா விதை என்னாகும்? பூசணம் பூத்துப் போயிருமல்ல. வேண்டாங்க அத்த, அண்ணி சொன்ன எடத்துலயே இருக்கட்டும்னுதான் ருக்கு சொன்னா. நாந்தான் கேக்கல. அட்டாலியில ஏத்தி வெச்சேன். இப்பப் பாரு, பொட்டுத் தண்ணி இல்ல."

பொட்டுத் தண்ணி இல்லைதான். தட்டில் இருந்த ஜெல்லி காய்ந்து ஓரங்களில் சுருண்டிருந்தது. புள்ளிகள் பழுப்பேறிக் கிடந்தன. மூடியில் தண்ணீர் கோப்பது எங்களுக்கு ஒன்றுமே இல்லை, தினமும் பார்க்கிறதுதான். மழை நாளில் அடுப்பு அணையவே அணையாது, குளிருக்கு எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மேலே அட்டாலியில் என்ன சூடு இருந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

"எப்படி இருக்குது கண்ணு?" என்றாள் அம்மா. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குதும்மா."

"பொழச்சிருக்குதா?"

"பொழச்சிருக்குது."

ருக்குமணி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா முக்காலியிலிருந்து இறங்கி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி வைக்கப் போனாள்.

ஜூன் பிறந்து பல்கலைக்கழக இன்குபேட்டர் ஓடத் தொடங்கியதும் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் புதுத் தட்டுகளில் இழுத்தேன். பெரும்பாலும் ஒன்றும் வரவில்லை. வெகு சில புள்ளிகள் மட்டும் முளைத்தன. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன். அப்புறம் அவற்றைச் சூட்டில் வைத்துப் பார்த்தால், அங்கேயும் கொழுகொழுவென்று வளர்ந்தன. கழுத்து அழகாக மூடியது. என்னுடையது சூட்டில் வளரக்கூடாது. வளர்ந்தால் அது என்னுடையது இல்லை.

அர்த்தனாரி சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். ஆள் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "எங்கம்மாவா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க. நாங்களும் அடுப்படியிலதான் வெதைய வெப்போம்" என்றார். சேந்தமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவர். அப்புறம் வாத்தியாராகிப் பேசினார். சூட்டில் பிழைத்தவை இரண்டு வகையாக இருக்கலாம். ஒன்று, மரபணுவில் பழுதான டி.என்.ஏ. எழுத்து பழையபடி திருந்தியிருக்கும். அப்படியென்றால் எல்லாம் முடிந்தது. இன்னொன்று, பழுது அப்படியே இருக்க, வேறு ஏதோ ஒரு மரபணு மாறி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அந்தத் தாங்கலைப் பிரித்து எடுத்துவிட்டால் உள்ளே நம் ஆள் இருப்பான்.

"எது எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?"

"நல்ல ஈஸ்டோட சேத்து, பிறக்கிறதைப் பிரிச்சுப் பாக்கணும். வேற வழியில்லை. ஒரு வருஷம் ஆகும்."

அந்தச் சமயத்தில் தனபால் சேலத்துக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு லாரியில் வந்தவன், ஒரு பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டான். நான் வகுப்பில் இருந்தேன். அட்டெண்டர் செங்கோடன் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மேடம் ஊருக்குக் கொண்டுபோன பூச்சி எல்லாம் செத்துப்போச்சுங்க, பாவம், ரெண்டு நாளாச் சோறு திங்கல என்று அவர் சொன்னதை இவன் கேட்டுக்கொண்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

தனபால் கெட்டவன் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. ஊருக்குத் திரும்பி வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தவன், குழம்பில் உப்பு இல்லை என்று அம்மா ஏதோ சொல்ல, "கொழம்ப ருக்கு பாத்துக்குவா. நீ மொதல்ல ஒங்கைய சோதிச்சுப் பாரும்மா. நீ வெச்ச அக்காளோட விதை அத்தனையும் செத்துப்போச்சாம்" என்று சிரித்திருக்கிறான். ருக்குமணி அவன் தொடையில் கிள்ளியிருக்கிறாள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாரு சொன்னா?" என்று கேட்டாளாம். அவன் சொன்னானாம். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தாளாம்.

இதெல்லாம் ருக்குமணி எனக்குச் சொன்னது. நான் ஆடிக்குப் போனபோது சொன்னாள். விதைப்பு அதற்குள் முடிந்திருந்தது. விதைப்பு அன்று காலையில் பெண்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். பாப்பாயி என்று அம்மாவோடு ஒன்றாக வளர்ந்த சோட்டுக்காரி ஒருத்தி, அவள்தான் எப்போதும் முதலில் மடியேந்துவாள். வந்து பார்த்தால் அம்மா குளிக்கவே இல்லை. பழைய சேலையோடு மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்புள்ள அத்தாயி, ஒடம்புக்கு முடியலயா?"

"ஒடம்புக்கு என்ன. ருக்கு குடுப்பா, வாங்கிக்குங்க."

"அவ குடுக்கறதுக்கா நாங்க வந்தோம்?"

"எங்கையி ஆகல பாப்பாயி. எம்மக வெதைய நான் கொன்னுபோட்டேன். ஊரு வெதையும் எதுக்கு."

அவர்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அது டவுன் விதை, அதுக்கும் நம்ம சாமைக்கும் என்ன சம்பந்தம் என்று பாப்பாயி சண்டையே போட்டிருக்கிறாள். அம்மா கேட்கவில்லை. கடைசியில் ருக்குமணி தயங்கித் தயங்கிக் கூடையில் கை விட்டு ஆளுக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு ஒடம்பெல்லாம் வேத்துப் போச்சுங்க அண்ணி. அத்தைங்க எடத்துல நான் உக்காந்தா நல்லாவாங்க இருக்குது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

நான் அம்மாவிடம் போனேன். கொல்லைப்புறம் மிளகுக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"பொழச்சிருக்குதுன்னு ஏன் சொன்ன?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒங்கொம்மா மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும். அது பரவால்ல. ஆனா எத்தன வருசமா எத்தன பேரு இப்படி எம் மூஞ்சிக்கு முன்னால நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களோ. பாப்பாயி ஒரு வருசம் மொளைக்கவே இல்லன்னு மறுவிதைப்புப் போட்டா. கேட்டா மழை சரியில்லன்னா. நான் அதை நெசம்னுதான் நெனச்சேன்."

"மழைதான் சரியில்லம்மா அந்த வருசம்."

"ஆமா. நீயுந்தான் சொல்லுவ."

கத்தியை வாங்கி நானும் கொஞ்சம் கிழங்கு சீவினேன். அவளைவிட மோசமாகச் சீவினேன். அவள் அதைக்கூடக் கிண்டல் செய்யவில்லை.

அந்த ஒரு வருடம் நான் எப்படி வேலை செய்தேன் என்று என் மகளைக் கேட்டால் சொல்வாள், அவள் இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். சனி, ஞாயிறு என்று பார்க்காமல் பல்கலைக்கழகத்தில் கிடந்தேன். பிழைத்தவற்றை ஒவ்வொன்றாக நல்ல ஈஸ்டோடு சேர்க்க வேண்டும். சேர்ந்தது ஒரு சின்னப் பைக்குள் நான்கு வித்துகளாகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, கண்ணாடி ஊசியால் அந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்து வரிசையாக வைத்து வளர்க்க வேண்டும். மூச்சு விட்டால் ஊசி ஆடும். அப்புறம் சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் வளர்ந்தால் பழுது திருந்திப்போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றாவது செத்தால்தான் நமக்கு உயிர்.

நான் செய்தவை எல்லாம் நான்கும் வளர்ந்தன. வாராவாரம் நன்றாக வளர்ந்த தட்டைப் பார்த்து அழுகிற ஒருத்தியை அந்த லேபில் அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று. மாசி மாதம். நான்கில் ஒன்று சூட்டில் வளரவில்லை. குளிரில் வைத்திருந்த அதன் நகலை எடுத்துக் கொஞ்சம் சூடாக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மணி கோத்த மாதிரி வரிசையாக, பிரியாமல். குரோமோசோம்கள் மட்டும் ஒழுங்காக அவரவர் இடத்தில். அதேதான். மரபணுவைப் படிக்க அனுப்பினோம். அதே எழுத்து, அதே இடத்தில் மாறியிருந்தது.

அதோடு விடவில்லை. அதைத் தாங்கிப் பிடித்த இன்னொரு மரபணு இருக்கிறதே, அது எங்களுக்குத் தெரியாத ஒன்று. அந்தக் கழுத்து மூடுகிற வேலையில் நம் புரதத்தோடு யார் கூட்டாக நிற்கிறார்கள் என்பதற்கு அது ஒரு தடம். அர்த்தனாரி சார் சொன்னார், "நீ சாதாரணமாச் செஞ்சிருந்தா இதைத் தேடறதுக்கு இன்னும் மூணு வருஷம் ஆயிருக்கும். சூட்டில வெச்சுப் பிழைக்கிறதைப் பொறுக்கறதுதான் அதுக்கு வழி. உங்கம்மா உனக்கு முன்னாடி அதைச் செஞ்சுட்டாங்க." இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

வைகாசிக் கடைசியில், விதைப்புக்கு முந்தின நாள் போய் இறங்கினேன். கையில் தட்டுகளும் கொண்டுபோனேன். குளிரில் வளர்ந்தது ஒன்று, சூட்டில் ஒன்றும் வளராதது ஒன்று. அம்மா மெலிந்திருந்தாள். ஆனால் கலகலப்பாகத்தான் இருந்தாள். என் மகளுக்கு என்று அன்னாசிப்பழம் அறுத்து வைத்திருந்தாள்.

"அம்மா, அது பொழச்சிருச்சு. நெசமாவே பொழச்சிருச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டாலிச் சூட்டில் மற்றதெல்லாம் செத்தபோது ஒன்று மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது, அதற்குள் பழையது எப்படி ஒளிந்திருந்தது, அதைப் பிரித்து எடுத்தது, புதிதாக ஒன்று கிடைத்தது. தட்டுகளை அவள் மடியில் வைத்துக் காட்டினேன். அவள் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீ அட்டாலியில வெக்காம இருந்திருந்தா இந்த ரெண்டாவது கெடைச்சே இருக்காதும்மா. எங்க சாரே சொன்னாரு."

அம்மா சிரித்தாள். என் கன்னத்தைத் தடவினாள்.

"எங்கண்ணு. ஒரு வருசமா இதையே நெனச்சுக்கிட்டு இருந்தியாக்கும். என்னையத் தேத்தறதுக்கு இத்தன தூரம் வந்து, தட்டெல்லாம் தூக்கிக்கிட்டு."

"தேத்தறதுக்கு இல்லம்மா. நெசம்."

"சரி சாமி. நெசந்தான். நல்லா இருக்குது."

அவள் சொன்ன விதத்தில், நான் போன வருடம் சமையல் கட்டில் நின்று சொன்னது என் காதிலேயே கேட்டது. "பொழச்சிருக்குது" என்று நான் எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரல். என் மனசு நோகக் கூடாது என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள்.

நான் விடவில்லை. ருக்குமணியை அழைத்தேன், தனபாலை அழைத்தேன். தனபால் ஒரு வருடமாக அம்மாவிடம் கிண்டல் பேசுவதையே விட்டிருந்தான். வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, அக்கா சொல்றது நெசம். நான் அன்னைக்குச் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்றான். அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவன் விளையாட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை, செத்தது உண்மைதான் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்துதான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டாள். தட்டுகளைப் பெட்டிக்குள் பத்திரமாக எடுத்து வைத்து, பெட்டியை உள்ளறையில் குளிர்ச்சியான மூலையாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பெண்கள் வந்தார்கள். அம்மா தலைக்குக் குளித்திருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். அம்மா அட்டாலியிலிருந்து விதைக் கூடையை இறக்கச் சொன்னாள். தனபால் இறக்கினான். அவள் கூடையைத் தொடவில்லை. ருக்குமணியின் தோளைப் பிடித்து வாசலில் உட்காரவைத்து, அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, கூடையை அவள் பக்கம் தள்ளச் சொன்னாள். பாப்பாயி மடியேந்தி நின்றவள் அம்மாவையே பார்த்தாள்.

"அத்தாயி, ஒரே ஒரு பிடி. எனக்கு மட்டும் போடு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"போன வருசம் ருக்கு குடுத்தா. ஒரு கொத்து சொத்தை இல்லாம வெளைஞ்சுதல்ல? ஊரே சொன்னீங்கல்ல?"

"வெளைஞ்சுது. அதுக்கு?"

"அதுக்குத்தான். நல்ல கையி கண்ணுக்கு முன்னால இருக்குது. வாங்கிக்க."

பாப்பாயி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக வாங்கிக்கொண்டார்கள். ருக்குமணி இந்த முறை தயங்காமல் அள்ளிப் போட்டாள். அம்மா கையிரண்டையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் நின்று, "நெறையப் போடு ருக்கு, கஞ்சத்தனம் பண்ணாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடமும் மழை நன்றாகப் பெய்தது. சாமை நன்றாக விளைந்தது. அறுப்பு முடிந்து புதுச்சாமை பொங்கியபோது நான் மகளோடு போயிருந்தேன். அம்மா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். "ருக்கு கை, ருக்கு கை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டே பரிமாறினாள்.

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுரை அச்சாகப் போகிறது என்று சொல்ல வந்திருந்தேன். அவள் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, ஈரக்கையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சேலையில் துடைத்துக்கொண்டாள். நான் கட்டுரையைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த விதைப்புக்கு அவள் இல்லை.